இரண்டு பேருக்கு வைத்த வண்டி

இடது கை சக்கரத்துக்குப் பின்னால் நுழைந்து, சுருள்வில்லின் அடியில் இருந்த வளையத்தைத் தொட்டுப் பார்த்து நின்றது. வலது கை கொக்கிச் சாவியை வளையத்தின் பள்ளத்தில் மாட்டிக் கால் சுற்றுத் திருப்பியது. பிறகு இரண்டு கைகளும் வெளியே வந்து, துணியில் துடைத்துக்கொண்டு, வண்டியின் முன்புறத்தை அமுக்கி விட்டன. மறுபடி அமுக்கி விட்டன. வில் தன் இடத்தில் போய் உட்கார வேண்டும். அதற்கு முன் தராசைப் பார்ப்பதில் பயனில்லை. நான்கு சக்கரங்களுக்கும் கீழே நான்கு தட்டைத் தராசுகள். அவற்றின் கம்பிகள் சுவரோரம் இருந்த பெட்டியில் போய்ச் சேர, அதில் நான்கு எண்கள் நின்றன. இடது முன்சக்கரத்தில் இன்னும் இரண்டு கிலோ அதிகம். கைகள் மறுபடி உள்ளே போயின.

ஓட்டுகிற இடப்பக்க இருக்கையில் ஆள் இல்லை. கான்வாஸ் பைகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, பட்டை போட்டு உட்கார வைக்கப்பட்டிருந்தன. பைகளுக்குள் இருந்தது எரிமலைக் கல்லின் பொடி. பனிக்காலத்தில் எங்கள் ஊர்ச் சாலைகளில் வழுக்காமல் இருக்கத் தூவுவது. ஓட்டப்போகிறவரின் எடைக்குப் பைகளை அடுக்கிவிட்டால், வண்டியைப் பொறுத்தவரை அவர் வந்து உட்கார்ந்துவிட்டார். வலப்பக்க இருக்கையிலும் அதேபோல் பைகள் இருந்தன, கொஞ்சம் குள்ளமாக. அவற்றுக்கும் பட்டை போட்டிருந்தது.

"யாரு ரோசி இவங்க, கல்யாண ஜோடியா?" என்று கேட்டுக்கொண்டு கெரியோன் உள்ளே வந்தான். அவன் ரோசியின் தம்பி. ஊரை ஒட்டிய பந்தயச் சாலையான ரிங்கில் உடைந்து நிற்கும் வண்டிகளை இழுத்து வருவது அவன் பிழைப்பு.

"கதவைச் சாத்து. காத்து அடிச்சா எண்ணு ஆடும்."

அவன் சாத்தினான். குனிந்து பார்த்தான். பைகளில் சாக்கட்டியால் எடை எழுதியிருந்தது. "இடது பக்கம் தொண்ணூத்திரெண்டு. சரி, அந்த வடகடல் பக்கத்து ஆளு. வலது பக்கம் அறுபத்திநாலு. இது யாரு?"

"கூட வர்ற ஆளு."

"எடை சொல்லிட்டுப் போனாரா?"

"இல்ல."

"நீ கேக்கலையா?"

வளையம் இன்னொரு கால் சுற்றுத் திரும்பியது.

"ஊர்ப் பாதிரியாரையே தராசுல ஏத்தி, 'சாமி, போன வருஷத்தை விட நாலு கிலோ கூட'ன்னு சொன்னவ நீ," என்றான் கெரியோன். "இவரை மட்டும் கேக்கலையா?"

"ரெஞ்சை எடு. பதினேழு. பேசாம எடு."

ரோஸ்வித்தா ரெட்டராத் என்பது அவள் முழுப்பெயர். அடெனாவில் அவளைத் தராசுக்காரி ரோசி என்றால்தான் தெரியும். வயது ஐம்பத்துநான்கு. கற்குழிச் சாலையின் கடைசியில் அவள் கொட்டகை இருக்கிறது. எஞ்சினைத் தொட மாட்டாள், பிரேக்கைத் தொட மாட்டாள். நான்கு சக்கரங்களின் மேல் பாரம் எப்படி இறங்குகிறது என்பதை மட்டும் பார்ப்பாள். ரிங்கில் வேகமாக ஓட்ட வருகிறவர்கள் வண்டியைக் கொண்டுவந்து அவளிடம் விடுவார்கள். அவள் முதலில் கேட்பது, வண்டியில் யார் உட்காரப் போகிறார்கள் என்பது. இரண்டாவது, அவர்கள் எடை. பொய் சொல்வார்கள். ஆண்கள் பெரும்பாலும் கல்யாணத்தன்று இருந்த எடையைச் சொல்வார்கள். அவள் தராசுத் தட்டு ஒன்றைக் காலால் அவர்கள் பக்கம் தள்ளுவாள்.

வசந்தம் வந்து ரிங்கின் வாசல் தடுப்பு திறந்துவிட்டால், எங்கள் ஊர் ரொட்டிக்கடையில் ஒரே வழக்குத்தான் நடக்கும். தாழ்ந்த, லேசான ஸ்போர்ட்ஸ் காரா, அறுநூறு குதிரை பூட்டிய பெரிய செடானா? மேடேறும்போது செடான்தான் என்பார் ஒருவர்; ஸ்போர்ட்ஸ் கார்க்காரன் முன்னால் போய்க்கொண்டிருந்தாலும் கண்ணாடியில் சோபா செட்டு ஒன்று பெரிதாகிக்கொண்டே வருவதைப் பார்த்து வழிவிட்டுத்தான் ஆக வேண்டும். இறங்கும்போது பார் என்பார் இன்னொருவர்; இரண்டாயிரம் கிலோவை நிறுத்தி நிறுத்திப் பிரேக் பழுத்து, பாதி வழியில் செடான்காரர் காட்சி பார்க்க வந்தவர் போல உருட்டிக்கொண்டு போவார். கெரியோனின் கணக்கு வேறு. "ஸ்போர்ட்ஸ் கார்க்காரன் வேலியில மோதுனா பக்கத்துல உக்காந்து அழுவான். செடான்காரன் மோதுனா ஏசியை ஓட விட்டுட்டு போன் பண்ணுவான். எனக்கு செடான்காரன்தான் வசதி, அழுவாச்சி இல்ல."

ரோசியிடம் கேட்டால், "எத்தனை பேரு போறாங்க?" என்பாள். அதற்கு மேல் அந்த வழக்கில் அவள் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவளுக்கு ஒரு சாய்வு இருந்தது. தாழ்ந்த வண்டி ஒன்று கொட்டகைக்குள் வந்தால் வேலை முடிந்த பிறகு வலப்பக்கக் கதவைத் திறந்து, இருக்கையை ஒரு தரம் கையால் தடவிவிட்டு மூடுவாள். அவள் சொந்தமாக வைத்திருந்தது பைகள் ஏற்றுகிற ஒரு பழைய வேன்.

தராசு அவள் கைக்கு வந்தது கற்குழியில். இருபத்தேழு வயதில் அங்கே லாரி எடை போடும் வேலையில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழி மூடியிருந்தபோது, பச்சை நிறத்தில் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாசலில் வந்து நின்றது. இறங்கியவன் உயரமாக, ஒல்லியாக, ஓரமாக நின்றுகொண்டு "மொய்ன்" என்றான். வடகடல் ஓரத்து ஆட்கள் காலையிலும் மாலையிலும் சொல்கிற வணக்கம் அது.

"இந்த லாரித் தட்டுல கார் எடை போடலாமா?"

"போடலாம். கல்லு ஏத்தியிருக்கியா?"

"இல்ல."

"அப்ப ரசீது கிடையாது."

"ரசீது வேண்டாம். ஒரு சக்கரம் ஒரு சக்கரமா ஏத்திப் பாக்கணும்."

அவன் பெயர் ஃபோல்கெர்ட் ஒன்னன். டயர் சோதிக்கும் வேலைக்காக எங்கள் பக்கம் வந்திருந்தான். அன்று சாயங்காலம் வரை அவன் வண்டியை ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினார்கள். லாரித் தராசுக்கு இருபது கிலோவுக்குக் கீழே கண் தெரியாது. அடுத்த ஞாயிறு அவள் நான்கு குளியலறைத் தராசுகளும், பாரத்தைப் பங்கிட்டு இறக்குவதற்குப் பலகைகளும் கொண்டுவந்தாள். மூன்று தராசுகள் உடைந்தன. நான்காவதில் கற்றுக்கொண்டாள். பைகள் அப்போது கிடையாது. அவன் இடப்பக்கம் உட்காருவான். அவள் எண்ணைப் பார்த்துவிட்டு ஓடிவந்து வலப்பக்கம் உட்காருவாள், கற்குழிக் காவல்காரர் எண்ணைச் சத்தமாகப் படிப்பார். அந்த வண்டி அவர்கள் இருவருக்குமாக வைக்கப்பட்டது. தனியே ஓட்டிப் பார்த்துவிட்டு ஒருநாள் அவனே வந்து சொன்னான்: "நீ இல்லாம இடது பக்கமா இழுக்குது."

இரண்டு கோடைகள். தாழ்ந்த வண்டி, சாலை முதுகுக்கு ஒரு சாண் கீழே ஓடும். பேச முடியாது, அவ்வளவு சத்தம். இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதற்குப் போகும்போதெல்லாம் அவன் புறங்கை அவள் முழங்காலைத் தொட்டுப் போகும். ரிங்கின் ப்ரைட்ஷைட் பாலத்துக்கு மேலே போகும்போது கீழே எங்கள் ஊர்த் தெரு ஒரு கணம் தெரியும். பிறகு மேடு. அந்த மேட்டில் கியர் அடிக்கடி மாறும்.

எங்கள் ஊரில் நவம்பரில் தடுப்பு விழுந்துவிட்டால் அதோடு எல்லாம் நிற்கும். கூரை மாற்றுவது, கடன் கேட்பது, கல்யாணம் பேசுவது, எல்லாவற்றுக்கும் "தடுப்பு திறக்கட்டும்" என்பதுதான் பதில். மறுப்பதற்காக யாரும் அப்படிச் சொல்வதில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல்லிவிடுவோம். நாள் குறித்துக்கொள்வதைப் போன்றது அது.

அந்த நவம்பர், கடைசி ஞாயிறு, வண்டி ஈரத்தோடு நின்றுகொண்டிருக்கும்போது ஃபோல்கெர்ட் சொன்னான்: "எம்டன் துறைமுகத்துல எனக்கு வேலை கிடைச்சிருக்கு. வீடு பாக்கணும். நீயும் வந்தா சேர்ந்து பாக்கலாம்."

"தடுப்பு திறக்கட்டும்," என்றாள் ரோசி. "பாத்துக்கலாம்."

அந்தக் குளிர்காலத்தில் அவள் கற்குழியில் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டாள். வடகடல் பக்கத்து வழக்கப்படி கற்கண்டின் மேல் தேநீர் ஊற்றி, கலக்காமல் பாலாடை விட்டுக் குடித்துப் பழகினாள். புனித வெள்ளியன்று தடுப்பு திறந்தது. காலையிலிருந்து நின்றாள். பச்சை வண்டி வரவில்லை. ஈஸ்டரிலும் வரவில்லை. ஏதாவது தாமதம் என்று இருந்துவிட்டு, கோடையில் அவள் போன் செய்தபோது அந்த எண் வேறு யாரிடமோ போயிருந்தது.

பிறகு ஹூபெர்ட்டுஸ் என்ற கூரை வேலைக்காரரைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனிதர். நான்கு வருஷம் சேர்ந்து இருந்தார்கள். இப்போது அவர் பக்கத்து ஊரான மாயெனில் இருக்கிறார். கிறிஸ்துமஸுக்குச் சாக்லேட் கொண்டுவருவார், இருந்து காபி குடித்துவிட்டு, போகும்போது கூரையில் ஓடு நகர்ந்திருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்.

இந்த வருஷம் பிப்ரவரியில் கொட்டகைப் போன் அடித்தது.

"மொய்ன்."

அவள் கையில் இருந்த சாவியைப் பலகையில் வைத்தாள்.

"ரோஸ்வித்தா, இன்னும் எடை போடுறியா?"

"கல்லு ஏத்தியிருக்கியா?"

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. மெதுவான சிரிப்பு, முன்பைவிடக் கனம்.

புனித வாரத்துத் திங்கட்கிழமை அவன் வந்தான். வந்தது கருநீலத்தில் ஒரு பெரிய செடான். அதன் மெத்தென்ற வில்களை எடுத்துவிட்டுத் திருகி உயர்த்தித் தாழ்த்தக்கூடிய உருக்கு வில்கள் போட்டிருந்தான். கதவைச் சாத்தினால் பெட்டி மூடுவது போலத் திடமாக ஒரு சத்தம், அவ்வளவுதான். ரோசி தட்டை அவன் பக்கம் தள்ளினாள். ஏறி நின்றான்.

"தொண்ணூத்திரெண்டு," என்றாள். "எழுபத்தொண்ணா இருந்தே. மீதி இருபத்தொண்ணு பூரா பாலாடையா?"

"கற்கண்டும் இருக்கு."

"பச்சை வண்டி?"

"வித்துட்டேன். ஆறு வருஷமாச்சு. அதுல ஏறி இறங்க முடியல."

"வயசாயிருச்சு உனக்கு."

"ஆமா," என்றான். மேலும் ஏதோ சொல்ல வந்தவன் போல இருந்தான். அந்தச் சமயம் வாசலில் இன்னொரு வாடிக்கையாளர் ஹாரன் அடித்தார், கொட்டகைப் போனும் அடித்தது. புனித வாரம் அப்படித்தான்.

அவன் கையில் கல்யாண மோதிரம் இல்லை. வண்டி வேலை பார்க்கிறவர்கள் பாதிப் பேர் மோதிரம் போடுவதில்லை. அது அவளுக்குத் தெரியாததல்ல.

"கோப்ளென்ஸுல தம்பி வீட்டுல இருப்பேன்," என்றான். "வெள்ளிக்கிழமை காலைல வந்து எடுத்துக்கறேன். தடுப்பு திறக்குற அன்னைக்கு ஒரு சுத்து போகணும். ரெண்டு பேருக்கு வை."

"சரி," என்றாள்.

யார் அந்த இரண்டாவது ஆள், எங்கே உட்காருவார், எடை என்ன? பாதிரியாரிடமும் கேட்ட கேள்வி. அவள் கேட்கவில்லை. அவன் தெருமுனை திரும்பிய பிறகு தட்டில் தானே ஏறி நின்றாள். அறுபத்துநான்கு. பைகளை எடை போட்டு, பொடியைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு எடுத்து, சரியாக அந்த எண்ணுக்குக் கொண்டுவந்து வலப்பக்க இருக்கையில் ஏற்றினாள்.

புதன்கிழமை வேலை முடிந்தது. எண்கள் குறுக்காகவும் நேராகவும் பொருந்தி நின்றன. கெரியோன் போன பிறகு வலப்பக்கப் பைகளை இறக்கிவிட்டு அவள் அந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். பெட்டியில் அதே எண்கள் திரும்ப வந்து நின்றன. இடப்பக்கம் அவன் எடையில் பைகள். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தோல் போர்த்திய அகலமான மேடை ஒன்று இருந்தது, டம்ளர் வைக்க இரண்டு குழிகளோடு. கையை நீட்டிப் பார்த்தாள். கியருக்குத் தனித் தடி கிடையாது. ஸ்டியரிங்கின் பின்னால் இலை போல இரண்டு சின்னப் பிடிகள், அவற்றை விரலால் இழுத்தால் போதும். இந்த வண்டியில் ஒருவர் புறங்கை இன்னொருவர் முழங்காலைத் தொட வேண்டுமானால், மெனக்கெட்டுக் கையை நீட்டியாக வேண்டும்.

பரவாயில்லை என்று நினைத்தாள். சத்தம் குறைவு. பேசிக்கொண்டு போகலாம்.

இறங்கி, பைகளைத் திரும்ப ஏற்றி, பட்டையைப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை. கோவில் மணிகள் ஈஸ்டர் வரை அடிக்காது. பிள்ளைகள் மரக் கிலுக்குகளைத் தட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போனார்கள். அந்தச் சத்தத்துக்கு மேல் எஞ்சின்களின் சத்தம். நாடு முழுவதும் உள்ள கார்ப் பைத்தியங்கள் எங்கள் ஊருக்கு வந்து இறங்குகிற நாள். ரோசி வெள்ளைக் காலர் வைத்த சட்டை போட்டிருந்தாள். கெரியோன் பார்த்தான். கேலி எதுவும் செய்யாமல் வாசலைப் பெருக்கப் போனான்.

வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. முன்னாலிருந்து ஃபோல்கெர்ட் இறங்கி, பின்கதவைத் திறந்தான். முதலில் ஊன்றுகோல் ஒன்று வெளியே வந்தது. அதன்பின் மடங்காத ஒரு கால், நேராக. அதன்பின் ஒரு பெண். குட்டையாக வெட்டிய நரைமுடி, நல்ல சிவப்பில் கோட்டு.

"மொய்ன்," என்றாள் அவள். "நான் டோம்கெ. இவரோட மனைவி. நீங்கதான் தராசா?"

"நான்தான்," என்றாள் ரோசி.

"இவருக்கு எத்தனை கிலோன்னு நீங்க கண்டுபிடிச்சதை வீட்டுல சொல்லவே இல்ல. நீங்களாவது சொல்லுங்க."

"தொண்ணூத்திரெண்டு."

"எங்கிட்ட எண்பத்தெட்டுன்னு சொன்னாரு."

கெரியோன் சிரித்துவிட்டான். ரோசியும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

டோம்கெ கொட்டகைக்குள் வந்து செடானைச் சுற்றிப் பார்த்தாள். "குதிரையிலிருந்து விழுந்தேன்," என்று தன் காலைக் காட்டினாள். "முழங்கால் மடங்காது. அந்தப் பச்சைத் தவளைக்குள்ள என்னை ஏத்தவும் முடியல, இறக்கவும் முடியல. ஒரு தரம் பக்கத்து வீட்டுக்காரங்க நாலு பேரு வந்து உருவி எடுத்தாங்க. அதுக்கப்புறம்தான் இந்தக் கப்பல். முன்சீட்டை முழுசா தள்ளிட்டு, பின்னால வலது பக்கம் உக்காந்து காலை நீட்டிக்குவேன். மந்திரி மாதிரி." வலப்பக்க முன் இருக்கையில் பைகளைப் பார்த்தாள். "இது யாரு?"

"அது நான்," என்றான் கெரியோன் வேகமாக. "சோதனைக்கு."

டோம்கெ அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அறுபத்துநாலைச் சாக்கட்டியில் படித்தாள். "உங்களை யாரோ நல்லா பட்டினி போடுறாங்க," என்றாள்.

கெரியோன் ரோசியின் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனான். தாழ்ந்த குரலில், "விட்டுரு ரோசி. ரெண்டாயிரம் கிலோ வண்டி. ஒரு சுத்துதான் போறாங்க. அந்த ஆளுக்குத் தெரியவே தெரியாது."

"ரிங்குல அந்த ஃபுக்ஸ்ரோரெ இறக்கத்துல அந்தம்மா பின்னால உக்காந்திருப்பாங்க," என்றாள் ரோசி.

அவள் திரும்பி வந்தாள். "வேலை இன்னும் முடியல, ஃபோல்கெர்ட். உன் மனைவி எங்க உக்காருவாங்கன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. மதியம் ஆயிரும்."

ஃபோல்கெர்ட் அவளைப் பார்த்தான். அவள் எல்லோரையும் கேட்பாள் என்பதை அவன் அறிவான். முதல்முதலில் அவள் கேட்டது அவனைத்தான். "நானும் சொல்லல," என்றான்.

"ரொட்டிக்கடையில உருளைக்கிழங்குப் பணியாரம் சூடா இருக்கும். கெரியோன், கூட்டிட்டுப் போ."

ஆண்கள் இருவரும் போனார்கள். ரோசி வலப்பக்கக் கதவைத் திறந்தாள். பட்டையை விடுவித்தாள். பைகளை ஒவ்வொன்றாக இறக்கி, சுவரோரம் வைத்தாள். கடைசிப் பை சின்னது. கைப்பிடி கைப்பிடியாகக் கணக்குப் பார்த்துப் போட்டது. அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு மற்றவற்றின் மேல் வைத்தாள். பிறகு இருக்கையின் ஓரத்தில் இருந்த பொத்தானை அழுத்தினாள். இருக்கை மெல்லிய முனகலோடு முன்னே போயிற்று, இன்னும் போயிற்று, மூலையில் நிறுத்திய பிள்ளை போல முகப்புப் பலகையை முட்டிக்கொண்டு நின்றது. இனி அங்கே யாரும் உட்கார முடியாது.

"உங்க எடை?"

"ஐம்பத்தெட்டு," என்றாள் டோம்கெ. "மூட்டையெல்லாம் எதுக்கு? நானே உக்கார்றேன். எனக்கு வேற என்ன வேலை?"

அவள் பின்னால் ஏறிக் காலை நீட்டிக்கொண்டாள். பெட்டியில் நான்கு எண்களும் மாறின. முன்பு பொருந்தியிருந்தது எதுவும் இப்போது பொருந்தவில்லை. ரோசி கொக்கிச் சாவியை எடுத்து வலது பின்சக்கரத்தின் அருகே மண்டியிட்டாள். வெள்ளைக் காலரில் கறுப்பு பட்டது.

வெகு நேரம் சாவியின் சத்தம் மட்டும் இருந்தது. திருப்புவாள், வெளியே வந்து அமுக்கி விடுவாள், எண்ணைப் பார்ப்பாள், மறுபடி போவாள். ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் டோம்கெ உள்ளே படகில் இருப்பவள் போல ஆடினாள்.

"அந்த மூட்டை உன்னோடதுதானே?" என்றாள் டோம்கெ. மரியாதைப் பன்மை எப்போது போனது என்று தெரியவில்லை.

சாவி நின்றது. "ஆமா," என்றாள் ரோசி சக்கரத்துக்குப் பின்னாலிருந்து.

"நினைச்சேன். அவரு அதிகம் பேசுற ஆளு இல்ல, பாத்திருப்பே. ஒரே ஒரு தரம் சொல்லியிருக்காரு. மலைநாட்டுல ஒருத்திய கூப்பிட்டேன், வசந்தத்துல பாக்கலாம்னு தட்டிக் கழிச்சிட்டான்னு."

"தட்டிக் கழிக்கல," என்றாள் ரோசி. "தடுப்பு திறக்கட்டும்னேன். இங்க அது சரின்னு சொல்ற மாதிரி."

வெளியே பிள்ளைகளின் கிலுக்குச் சத்தம் வந்து, கடந்து போயிற்று.

"எங்க பக்கம் அப்படிச் சொன்னா, போயிட்டு வான்னு அர்த்தம்," என்றாள் டோம்கெ.

"தெரியாது எனக்கு."

"அவருக்கும் தெரியாது." பிறகு, "சொல்லவா அவருகிட்ட?"

ரோசி எழுந்து நின்று முதுகை நிமிர்த்தினாள். பெட்டியைப் பார்த்தாள். வலது பின்சக்கரத்தில் இன்னும் மூன்று கிலோ தள்ளியிருந்தது. "அசையாம உக்காருங்க," என்றாள். "அந்தக் கையை மடியில வைங்க. வெளியில நீட்டினா எண்ணு மாறும்."

டோம்கெ கையை மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியது குதிரைகளைப் பற்றி. ஹூபெர்ட்டுஸின் சாக்லேட்டைப் பற்றி. செடானில் வேகம் தெரியவே மாட்டேன் என்கிறது, இருநூறில் போகும்போதுகூடத் தேநீர் சிந்துவதில்லை, அந்தத் தவளையில் அறுபதிலேயே உயிர் போய் வரும் என்பதைப் பற்றி.

"எது பிடிக்கும் உங்களுக்கு?" என்று ரோசி கேட்டாள். அவள் யாரிடமும் அதைக் கேட்டு யாரும் கேள்விப்பட்டதில்லை.

"தவளைதான்," என்றாள் டோம்கெ உடனே. "ஆனா இதுலதான் எனக்கு எடம் இருக்கு."

மதியம் தாண்டி எண்கள் பொருந்தின. குறுக்காகக் கூட்டிப் பார்த்தாள். ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் ஒரு கிலோகூட வித்தியாசம் இல்லை. வளையங்களை ஒவ்வொன்றாகப் பூட்டித் திருகாணியை முடுக்கினாள். இடப்பக்க இருக்கையிலிருந்து பைகளை இறக்கினாள். இருக்கையில் ஒட்டியிருந்த கறுப்புப் பொடியைத் துணியால் துடைத்து, துணியை உதறி, மறுபடி துடைத்தாள்.

ஃபோல்கெர்ட்டும் கெரியோனும் திரும்பி வந்தார்கள். காகிதத்தில் சுற்றிய பணியாரம் கெரியோன் கையில் இருந்தது. சுவரோரம் இரண்டு குவியலாகப் பைகள் கிடந்தன. ஃபோல்கெர்ட் அவற்றைக் கடந்து வரும்போது நடை தளர்ந்தது. பெரிய குவியலைப் பார்த்தான். சின்னக் குவியலைப் பார்த்தான். சாக்கட்டி எண்ணின் மேல் அவன் கண் நின்றது. இருபத்தாறு வருஷத்தில் அவள் எடை ஒரு கிலோவோ இரண்டு கிலோவோதான் கூடியிருந்தது. அந்த எண்ணை ஒரு காலத்தில் அவனும் அறிந்தவன்.

"ரோஸ்வித்தா," என்றான்.

"பின்பக்கம் முன்னைவிடக் கொஞ்சம் இறுக்கமா இருக்கும்," என்றாள் அவள். "டயர் சூடாகுற வரைக்கும் மெதுவா போ. பாலத்துக்கு அப்புறம் மேட்டுல மிதிக்கலாம். இறங்குறப்ப பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே வராதே. விட்டு விட்டுப் பிடி. கனமான வண்டி இது, அதை மறந்துராதே."

அவன் தலையசைத்தான்.

பின் ஜன்னல் கீழே இறங்கியது. "இந்தப் பக்கம் ஒரு சீட்டு சும்மா கிடக்கு," என்றாள் டோம்கெ, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்த இடத்தைத் தட்டிக் காட்டி. "நீயும் வா. ஒரே ஒரு சுத்து. இதுல நாலு பேரு போகலாம், தவளை இல்லையே." அவள் அதை மனதாரத்தான் சொன்னாள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கெரியோன் பணியாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ரோசி அந்த இடத்தைப் பார்த்தாள். மெத்தென்ற வெளிர்ந்த தோல். அங்கே உட்கார்ந்தால் அவன் பிடரி தெரியும். ப்ரைட்ஷைட் பாலத்துக்கு மேலே போகும்போது கீழே தெரு ஒரு கணம் தெரியும். கைகளைத் துணியில் துடைத்தாள், ஏற்கெனவே துடைத்திருந்தாள்.

"மூணு பேருக்கு வைக்கலையே," என்றாள். "ரெண்டு பேருக்குத்தான் வச்சிருக்கேன். நான் ஏறினா கெட்டுரும்."

வண்டிச் சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, அதிலும் பொடி இருந்ததால் ஊதிவிட்டு, ஃபோல்கெர்ட்டின் கையில் வைத்தாள்.